கவுன்சில் வீட்டில் பிள்ளைகளின் அறை குளிராமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒக்டோபர் கடைசியில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியதும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் கதை மாறிவிடும். ஹீட்டர், பில், பூஞ்சணம், வீட்டுக்காரன் வந்து பார்க்கவில்லை. வீட்டுப் பிரச்சினைகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவள் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம்தான் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இது இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ இருப்பவர்களுக்கானது. வீட்டுக்காரன் என்று நான் எழுதுவது, வீட்டை வாடகைக்குத் தந்த அந்தக் கவுன்சிலையோ அசோசியேஷனையோதான். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டங்கள் வேறு. காசுக் கணக்கெல்லாம் 2025-26 குளிர்காலத்துக்குரியது.

பிள்ளையின்ர அறை எத்தனை டிகிரியில இருக்க வேணும்?

18 டிகிரி செல்சியஸை அடிமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலும் குளிர் நாடுகளுக்கு அதையே சொல்கிறது. கைக்குழந்தை தூங்கும் அறைக்கு 16 முதல் 20 டிகிரி வரை போதும் என்கிறது குழந்தைகளின் தூக்கப் பாதுகாப்பு பற்றி அறிவுரை தரும் லல்லபை ட்ரஸ்ட். அதற்கு மேல் சூடாக்குவது குழந்தைக்கு நல்லதும் இல்லை, பில்லுக்கு நல்லதும் இல்லை.

சில பவுணுக்கு ஒரு சின்ன வெப்பமானி வாங்குங்கள். ஈரப்பதமும் காட்டுவதாக இருந்தால் இன்னும் நல்லது. யன்னல் விளிம்பிலோ ரேடியேட்டருக்கு மேலோ வைக்காமல் கட்டில் உயரத்தில் உள்சுவர்ப் பக்கமாக வையுங்கள். காலையிலும் இரவிலும் எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னால் முறைப்பாடு எழுதும்போது அது உதவும்.

அம்மம்மா குல்லா போட்டுத்தான் படுக்க வைக்க வேணும் எண்டு நிக்கிறா. குழந்தையின்ர கையும் ஜில்லெண்டு இருக்கு. என்ன செய்ய?

வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லா வேண்டாம். குழந்தையின் உடம்பில் கூடும் சூடு தலை வழியாகத்தான் வெளியேறுகிறது, தலையை மூடினால் சூடு மிஞ்சிவிடும். கை கால் குளிர்ந்திருப்பது சாதாரணம். நெஞ்சிலோ பிடரியிலோ கை வைத்துப் பாருங்கள். அங்கே வியர்வை இருந்தால் ஒரு உடுப்பைக் கழற்ற வேண்டும்.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தலையணை, டூவே, சுடுதண்ணிப் போத்தல், மின்சாரப் போர்வை எதுவும் கூடாது. 2.5 டொக் (டொக் என்பது துணி எவ்வளவு சூடு தரும் என்ற அளவு) என்று எழுதியிருக்கும் குழந்தைத் தூக்கப் பை 16 முதல் 20 டிகிரி அறைக்குப் பொருந்தும். தொட்டிலை ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அம்மம்மாவுக்கு இதை நேரே சொல்வது சங்கடம் என்றால், குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வரும் தாதியான ஹெல்த் விசிட்டர் வரும்போது அவர் வாயால் சொல்ல வையுங்கள். அது எப்போதும் வேலை செய்யும்.

நாள் முழுக்கக் குறைச்சலா விட்டா மலிவா, தேவைப்படேக்க மட்டும் போட்டா மலிவா?

காசை மட்டும் பார்த்தால் தேவையான நேரத்துக்குப் போடுவதே மலிவு. வீடு சூடாக இருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் சுவராலும் யன்னலாலும் சூடு வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

ஆனால் பூஞ்சணம் உள்ள வீட்டில் நான் வேறு மாதிரிச் சொல்வேன். பிள்ளையின் அறையை நாள் முழுக்க மூடிவைத்து, இரவில் ஒரு மணித்தியாலம் கொதிக்க வைத்தால் காற்று சூடாகும், சுவர் குளிராகவே இருக்கும். அந்தச் சுவரில்தான் ஈரம் படியும். காலையில் ஒரு முறை, பின்னேரம் பள்ளி விட்டு வந்ததிலிருந்து படுக்கும் வரை ஒரு முறை என்று இரண்டு நேரம் வையுங்கள். அந்த அறை ரேடியேட்டரின் குமிழை இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் விடுங்கள், பூச்சியத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

சின்ன பிளக் ஹீட்டர் ஒண்டு பிள்ளையின்ர அறைக்கு மட்டும் வச்சா மிச்சம் பிடிக்கலாமே?

காஸ் பாய்லர் உள்ள வீட்டில் பெரும்பாலும் இல்லை. கரண்ட், காஸ் கம்பனிகளைக் கண்காணிக்கும் ஒஃப்ஜெம் அமைப்பின் விலை உச்சவரம்பின்படி 2025-26 குளிர்காலத்தில் கரண்ட் ஒரு யூனிட் 26 முதல் 28 பென்ஸ், காஸ் ஒரு யூனிட் 6 பென்ஸ் அளவில் இருந்தது. ஒரே சூட்டுக்கு நான்கு மடங்கு காசு. இரண்டு கிலோவாட் ஹீட்டரை இரவுக்கு மூன்று மணித்தியாலம் இடைவிடாமல் ஓடவிட்டால் மாதம் 50 பவுணை நெருங்கும். எண்ணெய் நிரப்பியது மலிவு, ஃபேன் ஹீட்டர் விலை கூட என்று கடைகளில் சொல்வார்கள். ஒரே கிலோவாட்டில் ஒரே நேரம் ஓடினால் இரண்டும் இழுக்கும் கரண்ட் ஒன்றுதான். பிள்ளைகள் தூங்கும் அறைக்கு எண்ணெய் ஹீட்டரை நான் விரும்புவது பாதுகாப்புக்காக. அதையும் சுவர் பிளக்கில் நேரே செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் வேண்டாம், மேலே உடுப்புக் காயப்போட வேண்டாம்.

பரஃபின் ஹீட்டரையும் சிலிண்டர் காஸ் ஹீட்டரையும் படுக்கையறைக்குக் கொண்டுபோகவே கூடாது. எரியும்போது காற்றில் தண்ணீரைக் கொட்டும், கார்பன் மொனொக்சைட் ஆபத்தும் உண்டு. குசினி அடுப்பைப் பற்றவைத்துக் கதவைத் திறந்து விடுவதும் அப்படித்தான்.

ஹோல் நல்ல சூடு, பிள்ளையின்ர அறை மட்டும் ஐஸ். ஏன்?

பாய்லரை நிறுத்தச் சொல்லும் தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஹோலில் இருந்தால், எல்லோரும் அங்கே இருந்து டிவி பார்க்க ஹோல் சீக்கிரம் சூடாகி, பாய்லர் நின்றுவிடும். மூலையில் உள்ள பிள்ளையின் அறைக்குச் சுடுதண்ணி போய்ச் சேர நேரமே கிடைக்காது. ரேடியேட்டர்களுக்கு இடையே தண்ணி ஓட்டத்தைச் சமப்படுத்தினால் இது சரியாகும். அது வீட்டுக்காரன் அனுப்பும் ஹீட்டிங் என்ஜினியர் செய்ய வேண்டிய வேலை. முறைப்பாட்டில் "ஒரு அறை மட்டும் சூடாகவில்லை" என்று தெளிவாக எழுதினால் போதும்.

ரேடியேட்டரைத் தொட்டும் பாருங்கள். மேல்பக்கம் குளிர், கீழ்ப்பக்கம் சூடு என்றால் உள்ளே காற்று. ஹீட்டிங்கை நிறுத்தி, ஆறவிட்டு, ரேடியேட்டர் சாவியால் மெல்லத் திறந்து, சீறல் நின்று தண்ணி வந்ததும் மூடுங்கள். பிறகு பாய்லரின் அழுத்தம் 'பார்' என்ற அளவில் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் இருக்கிறதா என்று கவனியுங்கள். கீழ்ப்பக்கம் குளிர் என்றால் உள்ளே சேறு படிந்திருக்கிறது, அதை நீங்கள் தொட வேண்டாம். முழுவதும் குளிர் என்றால் குமிழுக்குள் ஊசி இறுகியிருக்கலாம். இதெல்லாம் வீட்டுக்காரனின் செலவு: 1985ஆம் ஆண்டின் வீட்டுச் சொந்தக்காரர், வாடகைக்காரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, சூடாக்கும் சாதனங்களைத் திருத்தி வைத்திருக்கும் கடமையை அவர்கள் மேல் போடுகிறது.

எங்களுக்கு காஸ் இல்லை, இரவில சூடேறுற பெரிய பெட்டி ஹீட்டர்தான். பின்னேரம் பிள்ளை வரேக்க குளிர்ந்துபோய்க் கிடக்குதே?

அது ஸ்டோரேஜ் ஹீட்டர். இரவு மலிவு நேரத்தில் உள்ளே உள்ள கற்களைச் சூடாக்கி, பகலில் மெல்ல விடும். பழைய வகையில் இரண்டு குமிழ் இருக்கும். 'இன்புட்' என்பது இரவில் எவ்வளவு சேமிக்க வேண்டும் என்பது, 'அவுட்புட்' என்பது எவ்வளவு வேகமாக வெளியே விட வேண்டும் என்பது. அவுட்புட்டை எந்நேரமும் திறந்து வைத்தால் ஆளில்லாத வீட்டுக்குக் காலையிலேயே சூட்டைக் கொடுத்துவிட்டு, நாலு மணிக்கு வெறும் பெட்டியாக நிற்கும். படுக்கப் போகுமுன் அவுட்புட்டை மூடுங்கள், பின்னேரம் திறவுங்கள். குளிர் கூடும் என்று தெரிந்தால் முதல் நாள் இரவே இன்புட்டைக் கூட்டுங்கள்.

உங்கள் மீட்டர் இரவு, பகல் என்று இரண்டு விலையில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஒரே விலைத் திட்டத்தில் ஸ்டோரேஜ் ஹீட்டர் ஓடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அது காசைக் கரைக்கும்.

புட்டு அவிச்சா, இடியப்பம் அவிச்சாக்கூடப் பூஞ்சணம் வருமோ?

ஆவி ஆவிதான், பாஸ்டா அவித்தாலும் வரும். குசினிக் கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு அவியுங்கள். முடிந்த பிறகும் கால் மணித்தியாலம் ஓடட்டும். பில் கூடும் என்று ஃபேனை நிறுத்தி வைப்பவர்களுக்கு: 20 வாட் ஃபேன் ஒரு மணித்தியாலம் ஓட அரைப் பென்ஸ் அளவுதான். ஃபேன் வேலை செய்யவில்லை என்றால் அதுவும் திருத்த வேலைக்குரியது.

சமையலைவிட எனக்குக் கவலை தருவது வீட்டுக்குள் உடுப்புக் காயப்போடுவது. ஒரு மெஷின் உடுப்பு காயும்போது இரண்டு லீற்றர் வரை தண்ணி காற்றில் கலக்கும். அதைப் பிள்ளையின் அறை ரேடியேட்டரில் போட்டால் சூட்டையும் மறைக்கிறது, ஈரத்தையும் அங்கேயே விடுகிறது. குளியலறையில் கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டுக் காயவிடுங்கள்.

யன்னலைத் திற எண்டு ஒருத்தர் சொல்றார், சூடு போகும் மூடு எண்டு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?

காலையில் பத்து நிமிடம் நன்றாகத் திறந்து பிறகு மூடுங்கள். காற்று மாறும், அந்த நேரத்துக்குள் சுவர் ஆறிவிடாது. யன்னலின் மேற்பக்கத்தில் உள்ள சின்னக் காற்றுத் துவாரத்தைத் திறந்தே வையுங்கள், டேப் ஒட்டாதீர்கள். அடைக்க வேண்டியது வாசல் கதவின் கீழ் இடைவெளி, கடிதம் போடும் வாய், யன்னல் சட்டம் விலகிய இடம். பழைய பருத்திச் சேலை ஒன்றை இறுக்கிச் சுருட்டித் தைத்துக் கதவடியில் போட்டால் கடையில் விற்கும் துணிப் பாம்புக்கு ஒரு குறையும் இல்லை.

குறைஞ்ச காசில அந்த அறையில வேறென்ன செய்யலாம்?

கட்டிலை வெளிச்சுவரிலிருந்து நகர்த்துங்கள். இடமில்லை என்றால் ஒரு கை அகலமாவது விடுங்கள். அலுமாரிக்கும் அதே விதி. மெத்தையை நேரே நிலத்தில் போட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைப்பது நம் வீடுகளில் நிறைய. ஊரில் அது சுகம். இங்கே மெத்தைக்கு அடியில் ஈரம் கட்டி ஒரு மாதத்தில் கறுத்துவிடும். மரச் சட்டமோ பழைய கட்டிலின் பலகையோ போட்டு உயர்த்துங்கள்.

கவுன்சில் வீடுகளைப் பெரும்பாலும் வெறும் நிலத்தோடுதான் கொடுப்பார்கள். முழு அறைக்கும் கார்பெட் போடக் காசில்லை என்றால் கட்டிலடிக்கு ஒரு தடித்த விரிப்பு. கனமான திரைச்சீலையை இருட்டியதும் இழுத்து விடுங்கள், ஆனால் அது ரேடியேட்டரை மூடித் தொங்கக் கூடாது. மூடினால் சூடு திரைச்சீலைக்குப் பின்னாலேயே நின்று, ரேடியேட்டர் யன்னலைத்தான் சூடாக்கும். ஒற்றைக் கண்ணாடி யன்னலுக்கு, முடி உலர்த்தியால் சூடாக்கி இறுக்கும் பிளாஸ்டிக் தாள் நன்றாக வேலை செய்யும். ஆபத்து நேரத்தில் திறக்க வேண்டிய யன்னலுக்கு மட்டும் ஒட்டாதீர்கள்.

கார்ட் மீட்டர். ஒக்டோபரில பத்துப் பவுண் போட்டேன், உடன காணாமப் போச்சு. களவா?

களவில்லை, ஸ்டாண்டிங் சார்ஜ். கோடையில் ஹீட்டிங் போடாவிட்டாலும் காஸ் மீட்டரில் தினக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். முதல் டொப்-அப்பை அது விழுங்கிவிடும். யூன், யூலையிலும் கிழமைக்குக் கொஞ்சம் போட்டு வருவதுதான் வழி.

காசு தீர்ந்தால் அவசரக் கடன் மீட்டரிலேயே இருக்கும். அதுவும் தீர்ந்தால் கம்பனிக்குப் போன் எடுத்து, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, மேலதிக உதவிக் கடன் வேண்டும் என்று கேளுங்கள். பலவீனமான நிலையில் உள்ள வாடிக்கையாளருக்கு அதைக் கொடுப்பது ஒஃப்ஜெம் விதி. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் பெயரைப் போடச் சொல்லுங்கள், அது இலவசம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டில் பலவந்தமாகக் கார்ட் மீட்டர் பூட்ட முடியாது என்பதும் 2023 நவம்பரிலிருந்து விதி. எரிபொருள் வவுச்சர் பெரும்பாலும் உணவு வங்கி அல்லது இலவச ஆலோசனை தரும் சிற்றிசன்ஸ் அட்வைஸ் வழியாகக் கிடைக்கும்.

அரசாங்கம் தாற காசு எதெது?

வோர்ம் ஹோம் டிஸ்கவுண்ட்: கரண்ட் பில்லில் 150 பவுண் கழிவு. 2025-26 குளிர்காலத்திலிருந்து வீடு சூடாக்கச் செலவு கூடியதா என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். யூனிவர்சல் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட் போன்றவை எடுப்பவர்களுக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் பில் உங்கள் பெயரிலோ துணையின் பெயரிலோ இருக்க வேண்டும். முன்பு இருந்தவரின் பெயரிலோ, மைத்துனரின் பெயரிலோ பில் ஓடினால் இன்றே மாற்றுங்கள்.

கோல்ட் வெதர் பேமென்ட்: நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, உங்கள் பகுதியில் தொடர்ந்து ஏழு நாள் சராசரி வெப்பம் பூச்சியம் அல்லது அதற்குக் கீழே போனால் 25 பவுண். யூனிவர்சல் கிரெடிட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தும் நீங்கள் வேலை செய்தால் கிடைக்காது. இயலாமையுள்ள பிள்ளைக்கான தொகை எடுப்பவர்களுக்கு வேலை செய்தாலும் கிடைக்கும். இவை தவிர, நெருக்கடியில் இருக்கும் குடும்பங்களுக்குக் கவுன்சிலிடம் தனி நிதி உண்டு. ஒவ்வொரு கவுன்சிலும் ஒவ்வொரு விதமாகக் கொடுக்கும், சீக்கிரம் தீர்ந்தும் விடும்.

பூஞ்சணம் எண்டு சொன்னா, உங்கட சமையலும் குளியலும்தான் காரணம் எண்டு சொல்றாங்கள்.

இந்தப் பதிலுக்குத் தலையாட்டிவிட்டு வர வேண்டாம். 2020 டிசம்பரில் ரொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, ஹவுசிங் அசோசியேஷன் வீட்டில் நீண்டகாலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் இறந்தது. தகப்பன் பலமுறை முறையிட்டிருந்தார். குடும்பத்தின் வாழ்க்கை முறையைப் பற்றித் தாங்களாகவே ஊகித்துக்கொண்டதை அந்த நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு வந்தது, அடுத்த வருடம் சட்டம் வந்தது. சமூக வீடுகள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரியான ஹவுசிங் ஒம்புட்ஸ்மனும் 2021லேயே, ஈரத்துக்கு வாடகைக்காரரின் வாழ்க்கை முறையைக் காரணம் காட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அவாப் சட்டம் 2025 ஒக்டோபர் 27 முதல் சமூக வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. உடல்நலத்துக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்துத் தரும் ஈரம், பூஞ்சணம் என்று தெரிவித்தால் பத்து வேலை நாட்களுக்குள் வந்து ஆராய வேண்டும். ஆராய்ந்து முடித்து மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்தில் முடிவு தர வேண்டும். ஆபத்து உறுதியானால் ஐந்து வேலை நாட்களுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். அவசர ஆபத்து என்றால் 24 மணித்தியாலம். குளிர்காலத்தில் பாய்லர் முற்றாக நின்றுபோவது இதில் அடங்கலாம். உரிய காலத்துக்குள் பாதுகாப்பாக்க முடியாவிட்டால் தங்க வேறு இடம் தர வேண்டும்.

பூஞ்சணமும் அவசர ஆபத்தும் இல்லாமல் வெறும் கடுங்குளிர் மட்டும் என்றால், அது அந்தச் சட்டத்தின் முதற் கட்டத்தில் இல்லை. ஆனாலும் வீடு வாழத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கும் பொருந்தும்.

எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. எப்படி முறைப்பாடு செய்யிறது?

போனில் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். ஆனால் போனோடு விடாதீர்கள். குறிப்பு எண்ணை வாங்கி, அன்றைக்கே மின்னஞ்சலோ அவர்களின் செயலியோ வழியாக எழுத்தில் போடுங்கள். நாட்கணக்கு அவர்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்துதான் ஓடும், அந்த நாளுக்கு உங்களிடம் ஆதாரம் வேண்டும்.

நீளமாக எழுதத் தேவையில்லை. எந்த அறை, எப்போதிலிருந்து, அங்கே தூங்கும் பிள்ளைகளின் வயது, ஆஸ்துமா அல்லது வேறு வருத்தம் இருந்தால் அது, முதல் கேள்வியில் சொன்ன வெப்பமானி எண்கள், படங்கள். பூஞ்சணத்தைத் துடைக்குமுன் படம் எடுங்கள். பிள்ளையின் வருத்தத்தை ஜீபியிடமும் சொல்லிப் பதிவாக்குங்கள். மொழிபெயர்க்கப் பிள்ளையையே நிறுத்துவதைத் தவிர்த்தால் நல்லது, எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய சுமை.

எழுதியும் ஒருத்தரும் வரேல்லை. அடுத்தது?

திருத்த வேலை கேட்பதும் முறைப்பாடு செய்வதும் இரண்டு வேறு விஷயம். "இது முறைப்பாடு" என்று தலைப்பிலேயே எழுதுங்கள். ஐந்து வேலை நாட்களுக்குள் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், அதிலிருந்து பத்து வேலை நாட்களுக்குள் முதற் கட்டப் பதில். திருப்தி இல்லை என்றால் இரண்டாம் கட்டம், அதற்கு இருபது வேலை நாள். பிறகு ஹவுசிங் ஒம்புட்ஸ்மன், அது இலவசம்.

இதில் ஒரு நுணுக்கம். ஹவுசிங் அசோசியேஷன் வீட்டில் இருந்தால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பகுதியை வந்து பார்க்கக் கேட்கலாம், அவர்கள் வீட்டுக்காரனுக்கு நோட்டீஸ் கொடுக்க முடியும். கவுன்சில் வீட்டில் இருந்தால் கவுன்சில் தனக்குத் தானே நோட்டீஸ் கொடுக்க முடியாது. ஆகவே உங்களுக்கு முறைப்பாட்டுப் பாதையும் நீதிமன்றமும்தான், உங்கள் கவுன்சிலரிடமும் எம்பியிடமும் சொல்லி வையுங்கள்.

வாடகையை நிப்பாட்டினா ஓடி வருவாங்கள்தானே?

வருவார்கள், நிலுவைக் கடிதத்தோடு. நிறுத்தவே வேண்டாம். வாடகை நிலுவை உங்களை வெளியேற்றக் கேட்பதற்குக் காரணமாகும்.

முறைப்பாடு போட்டா வீட்டை விட்டு எழுப்பிப்போடுவாங்களோ? விசாவுக்குப் பிரச்சினை வருமோ?

பாதுகாப்பான வாடகை உரிமை உள்ள வீட்டிலிருந்து நீதிமன்ற உத்தரவும் சட்டம் சொல்லும் காரணமும் இல்லாமல் எழுப்ப முடியாது. திருத்த வேலை கேட்டது அப்படியான காரணம் அல்ல. தற்காலிக வீட்டில் இருப்பவர்களின் நிலை வேறு, அவர்கள் முதலில் வீட்டுப் பிரச்சினைகளுக்கு உதவும் தொண்டு நிறுவனமான ஷெல்டரிடமோ, சிற்றிசன்ஸ் அட்வைஸிடமோ கதைக்க வேண்டும். விசாவைப் பொறுத்தவரை, வீட்டைத் திருத்தக் கேட்பது வாடகைக்காரரின் உரிமை, சில விசாக்களில் தடை செய்யப்படும் பொதுநிதி உதவி அல்ல.

தை மாதம் எல்லாரும் ஒரே அறையில படுத்தா மற்ற அறைகளுக்கு ஹீட்டிங் மிச்சம்தானே?

சில நாள் செய்யலாம், செய்கிறார்கள். இரண்டு விஷயம் கவனம். நாலு பேர் மூச்சுவிடும் அறையில் ஈரம் வேகமாக ஏறும், காலையில் யன்னல் கண்ணாடியில் தண்ணி ஓடும், அதைத் துடைத்துக் காற்றை மாற்றுங்கள். மூடிவிட்ட அறையில் பூஞ்சணம் தொடங்கும், அங்கேயும் குமிழைக் குறைந்த எண்ணில் விடுங்கள். கைக்குழந்தை அதே அறையில் தன் தொட்டிலில் படுக்கட்டும், பெரியவர்களின் டூவேக்குள் வேண்டாம்.

எங்கட ஃபிளாட்டில பாய்லரே இல்லை, கட்டடம் முழுக்க ஒண்டில இருந்து சூடு வருது. விலை உச்சவரம்பு எங்களுக்கும் உண்டோ?

இல்லை. அது ஹீட் நெட்வேர்க். நான்காவது பதிலில் சொன்ன காஸ் விலை உங்களுக்குப் பொருந்தாது. யூனிட் என்ன விலை, அதில் பராமரிப்புச் செலவு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சூடு வாடகையோடோ சர்விஸ் சார்ஜோடோ சேர்ந்து வந்தால், குமிழைக் குறைத்தாலும் கட்டணம் குறையாது. அப்படியான வீட்டில் பிள்ளையின் அறையைக் குளிரவிட்டு மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை.

வாசலுக்கு வந்து "காசில்லாமல் வழக்குப் போட்டுத் தாறம், நட்டஈடு கிடைக்கும்" எண்டு கையெழுத்துக் கேக்கிறாங்கள். போடலாமோ?

வாசலில் வைத்துப் போடாதீர்கள். வழக்கு தோற்றாலோ நீங்கள் பாதியில் விலகினாலோ யார் செலவு கட்டுவது, வென்றால் நட்டஈட்டில் எத்தனை வீதம் அவர்களுக்கு என்று எழுத்தில் வாங்கி, தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பிள்ளையின் உடல்நலம் உண்மையிலேயே கெட்டிருந்தால், சட்ட உதவி கிடைக்குமா என்று ஷெல்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஒம்புட்ஸ்மனும் நட்டஈடு கொடுக்கச் சொல்ல முடியும், அதில் யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை.